ஊர் கூடி – 11: அவரவர் பறை, அவரவர் தீ

போன வாரம் தெரு நூலகம் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு மூன்று பேர் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். "ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு கூட்டமாகப் பறை பழகுகிறீர்களாமே, எங்கள் ஊரிலும் தொடங்க வேண்டும், எங்கிருந்து ஆரம்பிப்பது?" நானும் நண்பர்களும் மதுரையில் நான்கு வருடமாக இதை நடத்திவருகிறோம். பட்ட பாட்டையும் கற்றதையும் சொல்கிறேன்.

முதல் ஞாயிறு நன்றாக நினைவிருக்கிறது. வைகைக் கரையை ஒட்டிய ஒரு காலி மனை. ஆறரைக்கு வரச் சொல்லியிருந்தோம். எல்லாரும் வந்து சேர ஏழே கால் ஆகிவிட்டது. மொத்தம் 23 பேர். எங்களுக்குக் கற்றுத்தரும் ஆசான் மட்டும் அலங்காநல்லூர்ப் பக்கத்திலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து ஆறு மணிக்கே வந்துவிட்டிருந்தார். வைக்கோலைப் பரப்பித் தீ மூட்டி, பறைகளை ஒவ்வொன்றாகக் காய்ச்சி, தட்டிப் பார்த்துச் சுவரோரம் சாத்தி வைத்திருந்தார். நாங்கள் போய் ஆளுக்கொன்றாக எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டோம். சிலர் அந்தத் தீயை போனில் படம் பிடித்தார்கள். நானும் பிடித்தேன்.

மூன்று வாரம் இப்படியே போனது. நான்காவது வாரம், கல்லூரியில் படிக்கும் தங்கை ஒருத்தி என்னைத் தனியே கூப்பிட்டாள். "அண்ணே, அறுபது வயசுக்கு மேல ஆன மனுசன் விடியக்காலையில வந்து நமக்குத் தீ மூட்டிக் குடுக்குறாரு. நாம ஆடி அசைஞ்சு வந்து வாங்கி அடிக்கிறோம். ஊர்ல இத்தனை வருசமா நடந்ததும் இதானண்ணே?"

எனக்குப் பதில் வரவில்லை. அந்த வாரமே ஒரு விதி போட்டோம்: அவரவர் பறையை அவரவரே காய்ச்ச வேண்டும். எங்கள் கூட்டத்துக்கு இன்றுவரை எழுதிவைத்த விதி இது ஒன்றுதான்.

பறையைக் கையில் எடுத்துப் பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம். வளைவான மூன்று மரத்துண்டுகளை இரும்புப் பட்டையால் இணைத்தால் வட்டமான சட்டம் கிடைக்கும். வேம்பு அதற்கு நன்றாக வரும். அதன் மேல் பதப்படுத்திய மாட்டுத்தோலை இழுத்து ஒட்டுவார்கள். ஒட்டுவதற்குப் புளியங்கொட்டைப் பசை. இடது தோளில் தொங்கவிட்டு, இடக்கையில் நீளமான, மெல்லிய சிண்டுக்குச்சி. வலக்கையில் குட்டையான, தடித்த அடிக்குச்சி. வலக்குச்சி தனியாக, இடக்குச்சி தனியாக, இரண்டும் சேர்ந்து என்று அடிப்படையில் மூன்றே ஒலிதான். ஒத்தையடி, சப்பரத்து அடி, சாமிச்சாட்டு அடி, மாரடிப்பு அடி, வாழ்த்தடி எல்லாமே இந்த மூன்றிலிருந்து கிளம்பியவை.

தோல் காற்றின் ஈரத்தைக் குடிக்கும். குடித்தால் தொய்யும், தொய்ந்த பறையை அடித்தால் நனைந்த சாக்கைத் தட்டுவது போலிருக்கும். அதனால்தான் தீ. சூடு பட்டால் ஈரம் போய்த் தோல் இறுகும், ஒலி மேலே ஏறும். எவ்வளவு நேரம் காட்டுவது என்று ஆசானிடம் கேட்டேன். "நேரத்தைப் பாக்காதீங்க தம்பி, தட்டிக்கிட்டே இருங்க. அதுவே சொல்லும்" என்றார். உண்மைதான். தீக்கு முன்னால் பறையைத் திருப்பித் திருப்பிப் பிடித்து விரலால் சுண்டிக்கொண்டே இருந்தால், ஒரு கட்டத்தில் சத்தம் சட்டென்று தெளிந்து 'கணீர்' என்று வரும். அதைத் தாண்டியும் காட்டிக்கொண்டிருந்தால் தோல் கிழியும். இப்படி இரண்டு பறையைக் கிழித்துத்தான் நாங்கள் கற்றோம். ஆனால் ஆறே வாரத்தில் எங்கள் ஆட்களின் காது மாறிவிட்டது. அடி பழகுவதற்கு முன்பே ஒலியின் உயரம் தாழ்வு பிடிபட்டுவிட்டது. தீயடியில் நின்ற அரைமணி நேரம்தான் எங்களுக்கு முதல் பாடம் என்பது பிறகுதான் புரிந்தது.

இப்போது ஃபைபர் பறை வந்துவிட்டது. தோலுக்குப் பதில் செயற்கைத் தாள், ஓரத்தில் திருகாணி. மழை, பனி எதற்கும் அசையாது, தீயும் வேண்டாம். ஐப்பசி, கார்த்திகையில் எங்களிடமும் நான்கைந்து அதுதான் ஓடுகிறது. தூர தேசத்துக் குளிரில், அடுக்குமாடி வீட்டுக்குள் பழகுகிற தமிழர்களுக்கு அது பெரிய உதவி. அதைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் எங்கள் கூட்டத்தில் ஒருவர், "எல்லாத்தையும் ஃபைபரா மாத்திட்டா என்னங்க, சுத்தமா இருக்கும்ல" என்றபோது அந்த 'சுத்தமா' என்ற சொல் எல்லார் காதிலும் விழுந்தது. அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. சொன்ன பிறகு அவரே தலையைக் குனிந்துகொண்டார். அன்று அடி பழகவில்லை; உட்கார்ந்து பேசினோம். செத்த மாட்டின் தோலைத் தொட்டவர்கள் என்று சொல்லித்தானே ஒரு சனத்தையே ஊருக்கு வெளியே வைத்தார்கள்? இப்போது அவர்களுடைய இசை வேண்டும், தோல் மட்டும் வேண்டாம் என்றால் என்ன அர்த்தம்? அதற்கடுத்த மாதம் ஆசான் இரண்டு தோல் கொண்டுவந்தார். எல்லாரும் சேர்ந்து ஊறவைத்து, பசை காய்ச்சி, இழுத்து ஒட்டினோம். பசை பிடிக்கும்வரை தோலை விரைப்பாக இழுத்துப் பிடித்திருந்ததில் கைகள் மரத்துப்போயின. கணக்கு ஆசிரியர், நகைக்கடை ஊழியர், மென்பொருள் நிறுவனத்தில் வேலைபார்க்கும் தம்பி என்று எல்லாருடைய கையிலும் அந்த வாடை இரண்டு நாள் இருந்தது. அதற்குப் பிறகு வரவில்லை என்று நின்றுகொண்டவர்கள் மூன்று பேர். அதில் எனக்கு வருத்தம் உண்டு. ஆனாலும் தோல் பறையை விடவில்லை.

வீட்டுச் சிக்கல் தனி. ஒரு பெண்ணின் வீட்டில் பறையை உள்ளே கொண்டுவரக்கூடாது என்றுவிட்டார்கள். மொட்டைமாடியில் வைத்தாள். சித்திரை வெயில், சாயங்காலம் போய்ப் பார்த்தால் தோல் நடுவில் பிளந்திருந்தது. அவள் அழுதுகொண்டே அதைத் தூக்கிவந்தாள். ஆசான் வாங்கிப் பார்த்துவிட்டு, "அழுகாத தாயி, தோல மாத்திக்கிடலாம். வீட்ட மாத்தத்தான் நாளாகும்" என்றார். இன்று அவள் பறை அவர்கள் வீட்டுக் கூடத்தில் தொங்குகிறது. இரண்டு வருடம் ஆனது.

பெண்கள் அடிக்கலாமா என்று இன்னும் கேட்கிறார்கள். திண்டுக்கல்லில் சகோதரி சந்திரா தொடங்கிய சக்தி கலைக்குழுவில் தலித் பெண்கள் 1990களிலேயே பறையைத் தோளில் மாட்டி அரங்கேறிவிட்டார்கள். பறை என்றால் சாவு மேளம் என்ற பேச்சும் அப்படித்தான். ஒவ்வொரு திணைக்கும் உரிய கருப்பொருள்களில் ஒன்றாகப் பறையைத் தொல்காப்பியம் சேர்க்கிறது. குறிஞ்சிக்குத் தொண்டகம், முல்லைக்கு ஏறுகோட்பறை, நெய்தலுக்கு மீன்கோட்பறை என்று பின்னால் வந்த உரைகளும் இலக்கணங்களும் பெயர் பெயராகச் சொல்கின்றன. மாட்டை அடக்கவும் மீன் பிடிக்கவும் நெல் அரியவும் ஒலித்த கருவியைச் சாவோடு மட்டும் கட்டிவைத்தது பிற்காலத்து ஏற்பாடு. பறைக் கலைஞர் அலங்காநல்லூர் வேலு ஆசானுக்கு 2025-ல் பத்மஸ்ரீ கிடைத்த செய்தி வந்த ஞாயிறு, எங்கள் ஆசான் வழக்கத்தைவிட அரைமணி நேரம் கூடுதலாக அடித்தார்.

இடம் பற்றிச் சொல்லவேண்டும். எங்கள் காலி மனையில் வீடு கட்டத் தொடங்கியதும் ஒரு குடியிருப்புப் பூங்காவுக்குப் போனோம். இரண்டாவது வாரமே அங்கிருந்த நலச்சங்கத்தார் வந்து, "தபேலா, மிருதங்கம்னா பரவாயில்லைங்க, இது வீடுகள் இருக்கிற இடம்" என்றார்கள். இரைச்சல் என்றால் அதைப் பற்றிப் பேசலாம். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45. பள்ளி, மருத்துவமனை, நீதிமன்றத்தைச் சுற்றி 100 மீட்டர் அமைதி மண்டலம். இருபது பறை சேர்ந்து அடித்தால் பக்கத்தில் இருக்கிறவருக்கு நிச்சயம் தொல்லைதான். பிள்ளை தூங்கும், நோயாளி இருப்பார். அவர்கள் பேசியது சத்தத்தைப் பற்றி மட்டுமாக இருந்திருந்தால் நானே பறையைக் கீழே வைத்திருப்பேன். அதே பூங்காவில் ஆடிமாதம் ஒலிபெருக்கி கட்டியபோது யாரும் வாய் திறக்கவில்லை.

நியூயார்க்கின் ஹார்லெமில் இதே கதை நடந்திருக்கிறது. அங்கே மார்கஸ் கார்வி பூங்காவில் கறுப்பின மக்கள் 1969 முதல் கோடைக்காலச் சனிக்கிழமைகளில் வட்டமாக உட்கார்ந்து முரசு கொட்டிவந்தார்கள். யார் வேண்டுமானாலும் வந்து சேரலாம். பின்னாளில் எதிரே விலை உயர்ந்த அடுக்குமாடி வந்தது. புதிதாகக் குடிவந்தவர்களில் சிலர் சத்தம் தாங்கவில்லை என்று புகார் செய்தார்கள். 2007, 2008-ல் அது பெரிய பிணக்கானது. கடைசியில் பூங்காவுக்குள்ளேயே வேறு இடத்துக்கு அவர்கள் நகர வேண்டியிருந்தது. நாற்பது வருடமாக அங்கே இருந்த ஒலியை நேற்று வந்தவர் இரைச்சல் என்கிறார். ஒலியின் அளவைப் போலவே, யார் எழுப்புகிறார்கள் என்பதும் கணக்கில் வந்துவிடுகிறது. நாங்கள் சண்டை போடாமல் ஊருக்கு வெளியே, கண்மாய்க் கரைக்கு மாறிக்கொண்டோம். அது சரியா என்று இன்றும் எனக்குள் கேள்வி இருக்கிறது.

கூட்டத்தை நடத்துகிற விதத்தில் பெரிய சூட்சுமம் ஏதும் கிடையாது. புதிதாக வருகிறவருக்கு முதல் நாளே குச்சி கொடுத்துவிடுகிறோம். உட்கார்ந்து வேடிக்கை பார்க்க விட்டால் அடுத்த வாரம் வரமாட்டார். நன்றாக அடிப்பவரை நடுவில் நிறுத்தி ஒத்தையடியைப் பிடித்துக்கொள்ளச் சொல்கிறோம். சலிப்பான வேலை, அவர் ஒரு துளி வேகம் கூட்டினாலும் கூட்டமே ஓட ஆரம்பித்துவிடும். வேகம் ஏறுவதுதான் எல்லாப் புதுக் கூட்டத்துக்கும் வருகிற வியாதி. ஆசான் அடிக்குச்சியை உயர்த்தினால் எல்லாரும் நிறுத்த வேண்டும். சிறுவர்கள் இதில் பெரியவர்களைவிடக் கெட்டி. காதில் பஞ்சு வைத்துக்கொள்ளச் சொல்கிறோம், வெட்கப்படாமல் வையுங்கள். ஒரு மணி நேரம் அடித்தால் போதும்.

காசு விஷயத்தில் மட்டும் கறாராக இருங்கள். வேலைக்குப் போகிறவர்கள் மாதம் 300 ரூபாய், படிக்கிறவர்கள் முடிந்ததைப் போடுகிறார்கள். ஆசானுக்கு உரியது முதலில், பழகத் தொடங்குவதற்கு முன்பே, கையில். மழை பெய்து வகுப்பு நடக்காவிட்டாலும், இரண்டே பேர் வந்தாலும் அது குறையக்கூடாது. 'கலைக்காக வருகிறார்' என்று சொல்லிக்கொண்டு பஸ் காசு மட்டும் கொடுக்கிற கூட்டங்கள் உண்டு. காலங்காலமாகக் கூலியில்லாமலும் அரைக்கூலிக்கும் கொட்டச் சொன்ன ஊருக்கும் அவற்றுக்கும் வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை.

ஆசானுக்கு ஒரு மகன், ஓட்டுநர் வேலை. எங்கள் கூட்டத்துக்கு ஒருமுறை அவரைக் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனார். "உங்க மகன் அடிப்பாருங்களா ஐயா?" என்று யதார்த்தமாகக் கேட்டுவிட்டேன். "அவன் தொடமாட்டான். தொடவேணாம்னு நான்தான் சொன்னேன்" என்றார். சிறிது நேரம் கழித்து அவரே தொடர்ந்தார். "என் அப்பாவ ராத்திரி ரெண்டு மணிக்கு வந்து எழுப்புவாங்க. காச்சலா, கழிச்சலானு கேக்கமாட்டாங்க. செத்த வீட்டு வாசல்ல விடியவிடிய கொட்டணும். வரமாட்டேன்னு சொல்ல முடியாது. நீங்க வேணும்னா வர்றீங்க, வேணாம்னா ஞாயித்துக்கெழம தூங்குறீங்க. அதான் தம்பி வித்தியாசம்."

பறை அழிகிறது, அந்தப் பிள்ளைகளே விட்டுவிட்டார்களே என்று மேடையில் வருந்துகிறவர்களிடம் இதைச் சொல்ல விரும்புகிறேன். இனிச் சாவுக்குக் கொட்டமாட்டோம் என்று பறையைக் கீழே வைத்த சேரிகள் தமிழ்நாட்டில் எத்தனையோ உண்டு; அதற்காக அடிபட்டவர்களும் உண்டு. அந்த மறுப்பும் பறையின் வரலாறுதான். போன வருடம் எங்கள் கூட்டத்து நண்பர் ஒருவரின் தாத்தா தவறிவிட்டார். "ஆசானை வரச் சொல்லலாமா?" என்று அவர் வீட்டார் கேட்டார்கள். நண்பர் வேண்டாம் என்றுவிட்டு எங்களைக் கூப்பிட்டார். ஒன்பது பேர் போனோம். பேரனான நண்பரே வாசலில் குத்தவைத்து உட்கார்ந்து வைக்கோலைக் கொளுத்தி எங்கள் பறைகளைக் காய்ச்சிக் கொடுத்தார். அவருடைய சொந்தக்காரர்கள் அதை வெறித்துப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஆசான் துக்கம் கேட்க வந்தவராக, நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

உங்கள் ஊரில் தொடங்கப் போகிறவர்களுக்கு: ஆசானைத் தேடிப் போய்ப் பேசுங்கள், கூலியை முதலிலேயே பேசி முடியுங்கள். முதல் ஞாயிறு அவருக்கு முன்னால் போய்ச் சேருங்கள். போகும்போது ஒரு கட்டு வைக்கோலும் தீப்பெட்டியும் நீங்கள் கொண்டுபோங்கள்.