நாவும் மாற்றுச் சிறுநீரகமும்

1954ஆம் ஆண்டு டிசெம்பர் 23ஆந் திகதி, அமெரிக்காவின் பொஸ்ரன் நகரிலே, ரொனால்ட் ஹெரிக் என்பவர் தம் சிறுநீரகங்களுள் ஒன்றை இரட்டைச் சகோதரரான ரிச்சட்டுக்கு ஈந்தார். அதனைப் பொருத்திய சத்திரவைத்தியர் யோசேப்பு மறே 1990இல் நோபல் பரிசு பெற்றார். ஒரே கருவிற் பிரிந்த இரட்டையராதலின், பெற்ற உடல் வந்த உறுப்பை அந்நியமெனத் தள்ளவில்லை. அத்தகைய பேறு ஏனையோர்க்கு அரிது. அவர்கள் உடலின் எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்துகளை நாடோறும் உட்கொள்ள வேண்டியவராவர். அம்மருந்துகளும், அவற்றுக்கு முன் வந்த நோயும் சுவையுணர்விலும் பசியிலும் செய்யும் மாற்றங்களை வீட்டார் பெரிதும் கவனிப்பதில்லை. நோயாளி உணவை வெறுத்தால் அதனைப் பிடிவாதமென்று கொள்வாரே பலர்.

உண்மை வேறு. சிறுநீரகம் பழுதுற்றபோது குருதியில் மிகும் யூரியா உமிழ்நீரிலும் சேருகின்றது. வாயில் வாழும் பற்றீரியாக்கள் அதனைச் சிதைத்து அமோனியாவாக்குகின்றன. அதனாலே மூச்சில் ஒரு நாற்றமும், நாவிற் செம்பை நக்கினாற் போன்ற உலோகச் சுவையும் தோன்றும். இறைச்சியும் மீனும் குமட்டலைத் தரும். சுவையரும்புகளின் கலங்கள் ஏறத்தாழப் பத்து நாளுக்கொரு முறை அழிந்து புதியன தோன்றுவன. நோயாளரிற் பலருக்கு நாகச் சத்துக் குறைந்திருத்தலும் சுவை மங்குதற்கு ஒரு காரணமெனக் கருதப்படுகின்றது. ஆயினும் நாகக் குளிகை கொடுத்த அளவில் எல்லோருக்கும் சுவை மீண்டுவிடுவதில்லை. இவ்வாறு உணவு செல்லாது மெலிந்த நிலையிலேயே பலர் சத்திரசிகிச்சைக்கு வருகின்றனர்.

மாற்றுச் சிறுநீரகம் செவ்வனே தொழிற்படத் தொடங்கியதும் யூரியா தணிகின்றது. உலோகச் சுவையும் பெரும்பாலோரிடம் படிப்படியாக நீங்குகின்றது. நெடுநாள் வெறுத்த உணவு மீண்டும் உணவாய்த் தோன்றும் வேளை அது. இடர் தொடங்குவதும் அவ்வேளையிலேதான். பிரட்னிசலோன் என்னும் மருந்து பசியைத் தூண்டும். முன்னர் விலக்கிய பண்டங்களெல்லாம் அன்பின் பெயரால் வந்து குவியும். முதலாண்டிற் பல கிலோகிராம் நிறை கூடுதல் வழமை. அம்மருந்தும் தக்குரோலிமசும் குருதியிற் சர்க்கரையை உயர்த்த வல்லன. முன்னர் நீரிழிவு இல்லாதவரும் அதற்கு ஆளாகலாம். உயர்ந்த சர்க்கரையும் குருதியமுக்கமும் அரிதிற் பெற்ற உறுப்பையே பழுதாக்கும்.

ஆயினும் பழைய பத்தியத்தை அப்படியே தொடர்வதும் பிழையாகும். முதற் சில வாரங்களிற் காயம் ஆறுதற்குப் புரதம் மிக வேண்டும். உடல் நிறையில் ஒரு கிலோகிராமுக்கு நாளொன்றுக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை எனப் பொதுவாக விதிப்பர். பின்னர் அதனைக் குறைப்பர். பொசுபரசு மிகுதியென்று முன்னர் விலக்கிய பாலும் மீனும், குருதியில் அப்பொசுபரசு குறைந்துவிடுமிடத்து, வேண்டப்படும் பொருளாதலும் உண்டு. பொட்டாசியமோ எதிர்மாறானது. தக்குரோலிமசு, சைக்குளோசுபோரின் ஆகியவை அதனை உயர்த்துமாதலின், இளநீரையும் வாழைப்பழத்தையும் குருதிச் சோதனை கண்ட பின்னரே சேர்த்தல் தகும். கிரேப்புரூட்டு, பம்ளிமாசு ஆகிய பழங்கள் சிறிதும் ஆகா. அவை குடலில் இம்மருந்துகளைச் சிதைக்கும் நொதியத்தைத் தடுத்து, மருந்தின் அளவைக் குருதியில் மிகுவிக்கும்.

இனி உப்பு. உலக சுகாதார நிறுவனம் வளர்ந்தோர்க்கு நாளொன்றுக்கு 5 கிராமிலும் குறைவாக என வரையறுத்துள்ளது. அஃது ஒரு சிறு தேக்கரண்டி அளவே. உப்புக் குறைந்த கறி முதலிற் சப்பென்றிருக்கும். ஆனால் நாவின் விருப்பம் மாறத்தக்கது. சில மாதங்கள் உப்பைக் குறைத்து உண்டோர் குறைந்த உப்பையே விரும்பத் தொடங்கினர் என்பதை 1982இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டிற்று. அதுவரை காலத்தைக் கடத்தத் தமிழர் சமையலே துணை செய்யும். அறுசுவையுள் ஒன்றெனப் பழையோர் வைத்த கார்ப்பை இன்றைய உடற்றொழிலியலார் சுவையெனக் கொள்ளார்; அது வெப்பத்தையும் நோவையும் உணர்த்தும் வேறொரு நரம்பின் வழியே மூளைக்குச் செல்வது. ஆகவே சுவையரும்பு மங்கியோருக்கும் மிளகின் உறைப்பு எட்டும். மிளகு, சீரகம், உள்ளி, கறிவேப்பிலை, இறக்கும்போது பிழியும் தேசிக்காய்ப்புளி ஆகியன உப்பின் குறையைப் பெரிதும் மறைப்பன. கருவாடும் ஊறுகாயும் அப்பளமும் மறைவாக உப்பைக் கொணர்வன. கடைகளிற் சோடியங் குறைந்த உப்பு என விற்கப்படுவதை வாங்குவோர், அதில் ஒரு பகுதி பொட்டாசியங் குளோரைட்டு என்பதை அறிதல் வேண்டும். வைத்தியரைக் கேளாது அதனைக் கறியிலிடுதல் இந்நோயாளருக்குச் சாதாரண உப்பிலும் பெருங் கேடாய் முடியக்கூடும்.