இளவேனிற் கடல்

சென்னை மயிலாப்பூரை அடுத்து, கலங்கரை விளக்கத்திற்குத் தெற்கே, கடலோரத்தில் அமைந்த மீனவர் ஊர் நொச்சிக்குப்பம். இங்கே மீன்பிடிக்கும் நாளை வரையறுப்பவை காற்றும் நீரோட்டமுமே. விடியுமுன் கரையில் நின்று அலையை நோக்கும் மீனவர், அஃது இசைவாயின் அப்பொழுதே படகைக் கடலில் தள்ளுவர்.

முற்காலத்தில் அவர்கட்குத் துணையாயிருந்தது, மரத்தடிகளைக் கயிற்றால் பிணைத்த கட்டுமரம். ஆங்கில மொழியும் அப்பெயரை ஏற்றுக்கொண்டது. 2004 டிசம்பர் 26-ஆம் நாள் நிகழ்ந்த ஆழிப்பேரலைக்குப் பின்னர்க் கண்ணாடியிழைப் படகுகள் பெருகின.

வலையேயன்றித் தூண்டிலும் கடல் மீனவரின் கருவியாகும். ஆங்கிலேயர் ஆட்சியில் நீலகிரியின் குளிர்ந்த ஓடைகளில் டிரவுட் என்னும் அயல்நாட்டு மீன் விடப்பட்டது. இறகினால் செய்த பொய்ப்பூச்சியை நீரில் வீசி அதனைப் பிடிப்பது அவர்கட்குப் பொழுதுபோக்கு. கடல் மீனவருக்கோ தூண்டில் அன்றாட உணவைத் தரும் தொழில்.

ஆயினும், கடல் வற்றாத களஞ்சியமன்று. வேனிற் காலத்தில் மீன்கள் பல முட்டையிட்டுப் பெருகும். ஆதலின், கிழக்குக் கரையில் விசைப்படகுகள் மீன்பிடிப்பதை அரசு ஆண்டுதோறும் தடை செய்கிறது. முன்னர் 45 நாட்களாயிருந்த அத்தடை, 2017 முதல் ஏப்ரல் 15 தொடங்கி ஜூன் 14 வரை 61 நாட்களாயிற்று. அந்நாட்களில் காசிமேட்டு விசைப்படகுகள் துறைமுகத்தில் ஓய்ந்து நிற்கும். சிறு படகுகளுக்குத் தடை இல்லை. காரணம் யாது? விசைப்படகு இழுக்கும் வலை குஞ்சுகளையும் வாரிவிடும். தூண்டிலோ ஒவ்வொன்றாகவே எடுக்கும்.

மாணவர்களே, இன்று குஞ்சுக்கு வழிவிடுவோரே நாளைய வலைக்கு மீன் சேர்ப்போர் ஆவர்.