மூணு சாக்கு வெட்டுத்துணி

வீட்டில் யாராவது தையல் மெஷின் வைத்திருந்தால் இந்தக் காட்சி உங்களுக்குப் பழக்கமாக இருக்கும். கட்டிலுக்கு அடியில் ஒரு அரிசிச் சாக்கு. உள்ளே பிளவுஸ் தைத்து மிஞ்சிய பிட்டு, லைனிங் துண்டு, சுடிதார் கழுத்தில் வெட்டியெடுத்த அரைவட்டம். "எதுக்காவது ஆகும்"னு எடுத்து வச்சிருப்பாங்க. எதுக்கும் ஆகியிருக்காது.

எங்க வீட்டில் அப்படி மூணு சாக்கு. செமஸ்டர் லீவுக்குப் போனபோது அம்மா கறாரா சொல்லிட்டாங்க: "போகிக்குள்ள இதுக்கு ஒரு வழி பண்ணு. இல்லேன்னா கொளுத்திடுவேன்." அதில் பாலியஸ்டரும் நிறைய. அது எரியும்போது உருகிச் சொட்டும், புகையை மொத்தத் தெருவும் சுவாசிக்கணும். சரி, ஒட்டுப்போர்வை தைச்சுடலாம்னு இறங்கினேன்.

முதல் தப்பு, நிறவாரியாகப் பிரித்தது. போட்டோவுக்கு அழகா இருந்துச்சு. தைக்க உட்கார்ந்தால் ஒவ்வொரு துண்டுக்கும் மறுபடி ஸ்கேலைத் தேட வேண்டியிருந்தது. நீங்க அளவை வைத்துப் பிரியுங்க. 5 அங்குலச் சதுரம் வெட்டக்கூடியது ஒரு டப்பா, நீளமான பட்டைகள் இன்னொன்று, மீதிப் பொடியெல்லாம் மூன்றாவது. பனியன் துணி மாதிரி இழுபடுவதை முதலிலேயே தனியாக ஒதுக்கிடுங்க. பருத்தியோடு சேர்த்துத் தைத்தால் அலை அலையாகச் சுருங்கும் (என் முதல் வரிசை அப்படித்தான் போச்சு). அடர்ந்த சிவப்பு, மெரூன் துணிகளை நனைத்து வெள்ளைத் துணியில் அழுத்திப் பாருங்க. சாயம் ஒட்டினால் அதுவும் வெளியே.

ஏன் அளவு இவ்வளவு முக்கியம்? ஒவ்வொரு ஓரத்திலும் தையலுக்குக் கால் அங்குலம் உள்ளே போகும். அதாவது சதுரத்தின் நீளத்தில் அரை அங்குலம், அகலத்தில் அரை அங்குலம் குறையும். 5 அங்குலச் சதுரம் தைத்த பிறகு 4½. துணியில் 81 சதவீதம் வெளியே தெரியும். 2½ அங்குலச் சதுரம் 2 ஆகும், 64 சதவீதம். 1½ அங்குலம் 1 ஆகும், வெறும் 44 சதவீதம். பாதிக்கு மேல் துணி பின்பக்கம் ஒளிஞ்சிக்கும்!

உழைப்புக் கணக்கு இன்னும் மோசம். ஏறக்குறைய 5 அடிக்கு 7½ அடி போர்வைக்கு 5 அங்குலச் சதுரம் என்றால் 260 போதும். 2½ அங்குலத்தில் 1,350. 1½ அங்குலத்தில் 5,400. அரியர் பேப்பர் வச்சுக்கிட்டு யாரும் அதைத் தைக்க முடியாது.

அப்போ அந்தப் பொடித் துண்டை என்ன செய்வது? நல்ல விடை கர்நாடகாவில் இருக்கு. உத்தர கன்னட மாவட்டத்தில் எல்லாப்பூர், ஹளியாள் பகுதிகளில் வாழும் சித்தி சமூகப் பெண்கள் (நம்ம சித்தி இல்லை, ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்களின் வழித்தோன்றல்கள்) 'கவண்டி' என்று ஒரு போர்வை தைக்கிறாங்க. பழைய சேலையை அடித்துணியாக விரித்து ஒரு மூலையில் தொடங்குவாங்க. துண்டின் ஓரத்தை உள்ளே மடித்து வைத்து, கையால் ஓட்டுத்தையல் போட்டபடி விளிம்பைச் சுற்றி வந்து, அப்படியே நடுவை நோக்கி நகர்வாங்க. துண்டுகளை ஒரே அளவில் வெட்டும் வேலையே கிடையாது. எந்த வடிவமாக இருந்தாலும் அடுத்த துண்டு அதன் ஓரத்தை மூடிடும். மடித்து உள்ளே போன துணியும் வீணில்லை, எல்லா அடுக்கையும் சேர்த்துத் தைப்பதால் அதுவே போர்வைக்குக் கனம் கொடுக்குது. கடைசியில் நான்கு மூலையிலும் முக்கோணமாக மடித்த துணியை வைத்துத் தைப்பாங்க. அதற்குப் பெயர் 'பூலா', பூ என்று அர்த்தம்.

மெஷினில் செய்யணும்னா, பழைய வேட்டியை ஓரடிச் சதுரமாக வெட்டிக்கோங்க. நடுவில் ஒரு துண்டை நல்ல பக்கம் மேலே தெரிய வையுங்க. இரண்டாவது துண்டை அதன்மேல் கவிழ்த்து ஒரு ஓரத்தை மட்டும் தைத்து, திருப்பி, அயர்ன் பண்ணுங்க. வேட்டி மறையும்வரை இப்படியே சுற்றிச் சுற்றிப் போகலாம். கிராஸாக வெட்டிய துண்டுகூடப் பரவாயில்லை, வேட்டி பிடிச்சுக்கும்.

இதுவரை ரெண்டு சாக்கு காலி. மூணாவதில் இருந்த பனியன் துணியைக் கத்தரித்துத் தலையணைக்குள் அடைச்சாச்சு. ஒரே ஒரு பச்சை ஜரிகை பிட்டை மட்டும் அம்மா என் கையிலிருந்து பிடுங்கி வச்சுக்கிட்டாங்க. கேட்டா, "எதுக்காவது ஆகும்"கிறாங்க.