ஓர் இரவு பொறுக்கலாமா?

காஞ்சீபுரத்துக்குத் தெற்கே, பாலாற்றை ஒட்டி ஓரிக்கை என்று ஓர் ஊர் இருக்கிறது. திருமழிசையாழ்வாரின் சீடர் கணிகண்ணனைப் பல்லவ மன்னன் நாட்டை விட்டே போகச் சொன்னானாம். சீடருடன் ஆழ்வாரும் கிளம்ப, பெருமாளும் பாம்புப் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு பின்னாலேயே புறப்பட்டுவிட்டாராம். மூவரும் ஓர் இரவு தங்கிய இடம், 'ஓரிரவிருக்கை'. அதுவே ஓரிக்கை ஆயிற்று என்பார்கள். அரசன் மன்னிப்புக் கேட்டான். எல்லாரும் ஊர் திரும்பினார்கள். ஓர் இரவில் ஒன்றும் குடிமுழுகிப் போய்விடவில்லை.

ஆனால் எல்லாக் காரியத்துக்கும் ஓர் இரவு பொறுக்க முடியுமா?

அதே ஓரிக்கையில் ஒரு நெசவாளர் வீட்டை மனத்தில் நினைத்துக் கொள்ளுங்கள். சாயங்கால வேளை. தறியில் இருப்பவரின் கையிலிருந்து நாடா நழுவி விழுகிறது. எடுக்கப் போகிறார், வலது கை சொன்னபடி கேட்கவில்லை.

"என்னங்க, வாய் ஏன் ஒரு பக்கமா கோணுது?" என்று பதறுகிறாள் மனைவி.

"ஒண்ணுமில்லே, களைப்பு" என்கிறார், பாதி வார்த்தையை விழுங்கிக்கொண்டு.

"வலிக்குதா?"

"இல்லே."

"பித்தமா இருக்கும்மா. சுக்குக் கஷாயம் வெச்சுக் கொடு. காலையிலே டாக்டர்கிட்டே காட்டிக்கலாம்" என்கிறார் மாமியார்.

வலி இல்லை என்றதும் வீடே ஆறுதலடைகிறது. அங்கேதான் நாம் ஏமாந்து போகிறோம்! பல்வலி வந்தால் ஊரைக் கூட்டுகிறோம். மூளைக்குப் போகும் ரத்தக் குழாய் அடைத்துக்கொண்டால் பெரும்பாலும் வலிப்பதே இல்லை. ஆனால் பெரிய குழாய் அடைபட்டால், நிமிஷத்துக்குச் சுமார் 19 லட்சம் நரம்பணுக்கள் மடிகின்றன என்று நிபுணர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். அடைப்பைக் கரைக்கும் ஊசிமருந்து உண்டு. ஆனால் அதை வழக்கமாக நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். காலை வரை காத்திருந்தால் அந்த வாய்ப்புப் போய்விடும்.

ஆகையால் முகம் ஒரு பக்கம் கோணினாலும், ஒரு கையோ காலோ துவண்டாலும், பேச்சுக் குழறினாலும், திடீரென்று பார்வை மங்கினாலும், நடை தள்ளாடினாலும் முதலில் கடிகாரத்தைப் பாருங்கள். மணியைக் குறித்துக்கொண்டு 108-க்குப் போன் செய்யுங்கள். ஸ்கேன் வசதியுள்ள ஆஸ்பத்திரிக்கே போக வேண்டும். அடைப்பா, ரத்தக் கசிவா என்பது ஸ்கேனில்தான் தெரியும். ஒன்றுக்கு மருந்தாவது மற்றொன்றுக்கு விஷமாகலாம். ஆகவே வீட்டிலுள்ள மாத்திரை எதையும் கொடுக்காதீர்கள். கஷாயமும் வேண்டாம், காப்பியும் வேண்டாம். விழுங்கும் சக்தி குறைந்திருந்தால் புரையேறிவிடும்.

பத்து நிமிஷத்தில் எல்லாம் சரியாகிவிட்டால்? அப்போதும் அன்றைக்கே போக வேண்டியதுதான். பெரிய ஆபத்து வருமுன் அனுப்பும் எச்சரிக்கை அது.

இனி தலைவலிக்கு வருவோம். வெயிலில் போய் வந்தால் வருவது, தூக்கம் கெட்டால் வருவது என்று நமக்கெல்லாம் பழகிய தலைவலிகள் உண்டு. ஆனால் வாழ்நாளில் கண்டிராத கடுமையுடன், இடி இறங்கினாற்போல் ஒரு தலைவலி வந்தால் உடனே ஆஸ்பத்திரி. ஜுரமும் கழுத்து விறைப்பும் சேர்ந்தாலும் அப்படியே. விடியற்காலையில் வாந்தியுடன் வந்து நாளுக்கு நாள் அதிகமானாலும், ஐம்பது வயதுக்கு மேல் புதிதாகத் தொடங்கினாலும் தைலம் தடவிக்கொண்டு நாளைக் கடத்தக் கூடாது.

வலிப்பு வந்தவர் கையில் சாவிக் கொத்தைத் திணிப்பது நம் ஊர்ப் பழக்கம். சாவியால் பூட்டுத்தான் திறக்கும்! அவரை ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். வாயில் எதையும் வைக்காதீர்கள். ஐந்து நிமிஷத்துக்கு மேல் நீடித்தால் ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். முதல் தடவை வந்தாலே நரம்பியல் நிபுணரைப் பார்க்க வேண்டும். பெண்ணுக்குக் கல்யாணம் தடைப்படுமே என்று பல வீடுகளில் இதை மறைக்கிறார்கள். சரியான மருந்தைத் தவறாமல் சாப்பிட்டால் பத்தில் ஏழு பேர் வலிப்பே இல்லாமல் வாழ முடியும் என்பதை அந்தத் தாய்மார்கள் அறிய வேண்டும்.

மெதுவாக வருகிறவையும் உண்டு. தார் சுற்றும் பெண்ணுக்கு நடு ராத்திரியில் கட்டை விரலும் அடுத்த இரண்டு விரல்களும் மரத்துப்போய் விழிப்புக் கொடுக்கிறது; கையை உதறினால் சரியாகிறது. மணிக்கட்டில் ஒரு நரம்பு நசுங்குவதன் அறிகுறி அது. பெண்களுக்கே இது அதிகம். உதறி உதறியே வருஷக்கணக்கில் விட்டுவிட்டால் கட்டை விரலின் அடிச்சதை வற்றிப்போய், கைப்பிடி தளர்ந்துவிடும். சர்க்கரை வியாதிக்காரர் காலிலிருந்து செருப்புக் கழன்று விழுந்தும் அவருக்குத் தெரியவில்லையா? சும்மா மடியில் வைத்திருக்கும் கை நடுங்குகிறதா? சாவியை வைத்த இடம் எல்லாருக்கும் மறக்கும். தாம் குடியிருக்கும் தெருவே பாட்டிக்கு மறக்கிறதா? இவற்றுக்கு இன்று இரவே ஓட வேண்டியதில்லை. ஆனால் இந்த மாதத்தைத் தாண்டவிடாதீர்கள். குடும்ப டாக்டரிடம் போய், "நரம்பியல் நிபுணரிடம் காட்ட வேண்டுமா?" என்று வாய்விட்டுக் கேளுங்கள்.

ஒரு காலத்தில் கேட்டாலும் போக இடமிருக்கவில்லை. 1949-இல் வேலூரில் டாக்டர் ஜேக்கப் சாண்டியும், 1950-இல் சென்னை ஜெனரல் ஆஸ்பத்திரியில் டாக்டர் பி. ராமமூர்த்தியும் நரம்பு அறுவை சிகிச்சைப் பிரிவுகளைத் தொடங்கினார்கள். காஞ்சீபுரம் இந்த இரண்டு ஊர்களுக்கும் நடுவில் இருக்கிறது. இன்று இடத்துக்குக் குறைவில்லை, புறப்படுவதில்தான் தாமதம். அதிலும் வீட்டில் எல்லாருக்கும் கஷாயம் வைப்பவள், தன் கை மரத்ததை மட்டும் கடைசி வரை சொல்வதில்லை.

தறியில் ஆயிரக்கணக்கான பாவு இழைகளில் ஒன்று அறுந்தாலும் நல்ல நெசவாளர் தறியை நிறுத்தி, இழையை முடிந்துவிட்டுத்தான் மேலே நெய்வார். இழை அறுந்தால் சேலைக்கு வலிக்கிறதா என்ன? வலிக்காவிட்டாலும் அவர் பார்த்துவிடுகிறார். வீட்டு மனிதர்களையும் அப்படிப் பார்ப்பதற்கு நம்மைத் தவிர வேறு யார் இருக்கிறார்கள்?