மந்திரம் போட லைசென்ஸ் இருக்கிறதா?

வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வந்த முதல் வாரத்தில் பலரும் தேடுவது கேம்ஸைத்தான். கார் ரேஸ், கிரிக்கெட், துப்பாக்கிச் சண்டை என்று சில நாட்கள் ஓடும். பிறகு அலுத்துவிடும். மாதக்கணக்கில் அலுக்காத வகை ஒன்று உண்டு. அதன் பெயர் ரோல்-பிளேயிங் கேம், சுருக்கமாக ஆர்.பி.ஜி. இதில் நீங்கள் ஒரு கதாபாத்திரமாகவே மாறிவிடுவீர்கள். போர்வீரனா, திருடனா, மந்திரவாதியா என்று தேர்ந்தெடுத்து ஒரு கற்பனை நாட்டில் ஊர் ஊராகச் சுற்றலாம், பேசலாம், சண்டை போடலாம். 1974-ல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் வெளியிட்ட 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற விளையாட்டுதான் இதற்கெல்லாம் மூலம். அதைக் காகிதமும் பென்சிலும் பகடையும் வைத்து நண்பர்கள் கூடி விளையாடுவார்கள். பின்னர் அந்த விதிகள் கம்ப்யூட்டருக்கு வந்தன.

இந்த வகை கேம்களில் மந்திரம் இல்லாதது அபூர்வம். அப்படியானால் ஒரு கேள்வி வருகிறது. நூறு பேரில் ஒருவன் மட்டும் விரலை நீட்டினால் நெருப்பு பறக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஊரில் ராஜா யார்? வரி வசூலிப்பவன் அவன் வீட்டுக் கதவைத் தட்டுவானா? மற்ற தொண்ணூற்றொன்பது பேர் அவனை எப்படிக் கட்டுப்படுத்துவார்கள்? கற்பனை உலகத்தை உருவாக்குபவர் இதற்குப் பதில் வைத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்த உலகம் அட்டையில் செய்த செட் போலத்தான் இருக்கும்.

நான் பார்த்தவரை மிகச் சாமர்த்தியமான பதில் 'பால்டர்ஸ் கேட் 2' கேமில் இருக்கிறது. பயோவேர் நிறுவனம் உருவாக்கி 2000-ல் வெளியானது. கதை ஆரம்பத்தில் நீங்கள் ஒரு நிலவறைச் சிறையிலிருந்து தப்பி ஆத்கட்லா என்ற பெரிய வணிக நகரத்துக்கு வருகிறீர்கள். வெளியே வந்ததும் உங்களை அடைத்து வைத்திருந்த வில்லன் ஐரனிகஸோடு மோதல். உங்கள் சிறுவயதுத் தோழி இமோயன் அவன்மீது ஒரு மந்திரத்தை ஏவுகிறாள். உடனே முக்காடிட்ட மந்திரவாதிகள் சிலர் அங்கே முளைத்து, வில்லனோடு சேர்த்து அவளையும் கைது செய்துகொண்டு போய்விடுகிறார்கள். குற்றம்? அனுமதி இல்லாமல் மந்திரம் போட்டது!

கௌல்டு விசார்ட்ஸ் என்பது அவர்கள் சங்கத்தின் பெயர். அந்த நகரத்தில் வெட்டவெளியில் யார் மந்திரம் போட்டாலும் அவர்கள் வந்து நிற்பார்கள். முதல் தடவை எச்சரிக்கை. அடுத்த தடவை சண்டை. தப்பிக்க வழி உண்டு: அரசு அலுவலகப் பகுதிக்குப் போய் 5,000 பொற்காசு கட்டி லைசென்ஸ் வாங்க வேண்டும். ஆரம்பத்தில் இது பெரிய தொகை. தோழியை மீட்க உதவுகிறேன் என்பவனோ தனியாக 20,000 கேட்கிறான். எதை முதலில் செய்வது?

கல்லூரி ஹாஸ்டலில் நண்பனின் லேப்டாப்பில் இதை முதலில் விளையாடியபோது, லைசென்ஸ் எதற்கு என்று அந்தப் பணத்தில் நல்ல கவசமாக வாங்கினேன். அன்று இரவே நடுத்தெருவில் என் மொத்தக் கோஷ்டியும் காலி. அதற்குப் பிறகு அந்த நகரத்தில் மந்திரம் போடுவதற்கு முன் சுற்றுமுற்றும் பார்க்கும் பழக்கம் எனக்கு வந்துவிட்டது.

இந்தச் சட்டத்தைக் கொஞ்சம் கிளறிப் பாருங்கள். வீட்டுக்குள், நிலவறைக்குள் போட்டால் யாரும் கேட்பதில்லை. கோயில் பூசாரி தெய்வத்தை வேண்டிப் போடும் மந்திரத்துக்கும் தடை இல்லை. பணம் கட்டிவிட்டால் அதே தெருவில் அதே மந்திரத்தைத் தாராளமாகப் போடலாம். உங்களுக்குப் பயிற்சி இருக்கிறதா, பொறுப்பானவரா என்று எவரும் சோதிப்பதில்லை. ஆக, மக்களின் பாதுகாப்பு இங்கே சாக்குதான். மந்திரம் யார் கையில் இருக்க வேண்டும் என்பதை மந்திரவாதிகளின் சங்கமே தீர்மானிக்கிறது, காசு உள்ளவன் உள்ளே வரலாம். இதை எந்தப் பாத்திரமும் உங்களிடம் பிரசங்கம் செய்வதில்லை. உங்கள் பர்ஸிலிருந்து 5,000 போகும்போது நீங்களே புரிந்துகொள்கிறீர்கள்.

சாஃப்ட்வேர் வேலையில் இருப்பவர்களுக்கு இது பழகிய விஷயம். 'மூன்று மாதத்துக்கு ஒருமுறை பாஸ்வேர்டை மாற்றவும்' என்று சுவரில் ஒட்டினால் ஒருவரும் மாற்றமாட்டார்கள். பழைய பாஸ்வேர்டு வேலை செய்யாது என்று புரோகிராமில் எழுதிவிட்டால் அன்றே மாற்றுவார்கள். கேமிலும் அப்படித்தான். கதையில் சொல்லும் சட்டம் வேறு, புரோகிராமில் எழுதிய சட்டம் வேறு.

இந்த இரண்டும் ஒட்டாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு அதே பயோவேரின் 'டிராகன் ஏஜ்' வரிசையைப் பார்க்கலாம். 2009-ல் வந்த முதல் கேமில் எழுதப்பட்ட உலகம் அபாரம். மந்திர சக்தி தெரிந்த பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்துக் கோபுரத்தில் வைத்து வளர்க்கிறார்கள். தப்பி ஓடினால் கண்டுபிடிக்க ஒவ்வொருவரின் ரத்தத்தையும் குப்பியில் பிடித்து வைத்திருக்கிறார்கள். காவல் காப்பது டெம்ப்ளர்கள் என்ற மதப்படை. அந்த வீரர்களின் சக்திக்கு லிரியம் என்ற பொருள் வேண்டும். அது போதைபோல் அவர்களைப் பிடித்துக்கொள்கிறது, அதன் விநியோகமோ மதபீடத்தின் கையில். காவலனும் ஒருவகையில் கைதிதான். மந்திரவாதிகளைக் கண்டு இத்தனை பயம் ஏன் என்பதற்கும் காரணம் வைத்திருக்கிறார்கள். வடக்கே டெவிண்டர் என்ற நாட்டில் மந்திரவாதிகளே ஆட்சி செய்கிறார்கள், அங்கே மற்றவர்களை அடிமைகளாக வைத்திருக்கிறார்கள்.

ஆனால் 2011-ல் வந்த இரண்டாம் கேமில் ஒரு வேடிக்கை. நீங்கள் போர்வீரனாக விளையாடினால் உங்கள் தங்கை பெத்தனி மந்திரவாதி. சுரங்கப் பயணத்துக்கு அவளை அழைத்துப் போகாமல் வீட்டில் விட்டால், திரும்பி வரும்போது டெம்ப்ளர்கள் வந்து அவளைக் கூட்டிப் போகிறார்கள். மனசு கனத்துவிடும். சரி, அடுத்த முறை நீங்களே மந்திரவாதியாக விளையாடிப் பாருங்கள். டெம்ப்ளர்கள் மலிந்த அதே நகரத்தின் தெருக்களில், கையில் கோலோடு நெருப்பையும் பனியையும் வீசிச் சண்டை போடுகிறீர்கள். ஒருவரும் ஏன் என்று கேட்பதில்லை! இத்தனை பக்கம் எழுதியவர்கள், அந்த 5,000 காசு லைசென்ஸ் போல ஒரு விதியை மட்டும் வைக்க மறந்துவிட்டார்கள். எனக்கு இன்றும் இது குறைதான்.

விதியைக் கட்டடத்திலேயே வைத்தவர்களும் உண்டு. பெத்தெஸ்டாவின் 'மோரோவிண்ட்' (2002) கேமில் டெல்வானி என்ற மந்திரவாதிக் குடும்பத்தார் ராட்சதக் காளான் கோபுரங்களில் வசிக்கிறார்கள். உள்ளே போய் அண்ணாந்து பார்த்தால் எஜமானர் இருப்பது உச்சியில். படிக்கட்டு கிடையாது. பறக்கும் மந்திரம் தெரிந்தவன் மேலே போகலாம். தெரியாதவன் கடையில் மருந்து வாங்கிக் குடித்துவிட்டுப் போக வேண்டும். பாதி வழியில் மருந்தின் நேரம் முடிந்தால் தடாலென்று கீழே விழ வேண்டியதுதான். அந்தக் குடும்பம் மற்றவர்களை எப்படி நினைக்கிறது என்பது இடுப்பு வலியோடு மனதில் பதிந்துவிடும்.

அடுத்து 2006-ல் வந்த 'ஆப்ளிவியன்' கேமில் பறக்கும் மந்திரத்தையே எடுத்துவிட்டார்கள். அதில் நகரங்கள் தனித்தனி வரைபடங்களாக லோடு ஆகும். மதிலுக்கு மேலே பறந்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். இந்தத் தொழில்நுட்பச் சிக்கலுக்குக் கேமுக்குள் சொன்ன காரணம்: பறப்பதைத் தடை செய்து அரசு சட்டம் போட்டுவிட்டதாம். படித்துவிட்டுச் சிரித்தேன். டெட்லைன் நெருங்கும்போது நாங்களும் இப்படித்தான் சமாளிப்போம்.

சொந்தமாக ஒரு கற்பனை உலகம் அமைக்க ஆசைப்படுபவர்களுக்கு 'ஆர்.பி.ஜி. மேக்கர்' என்ற சாஃப்ட்வேர் இருக்கிறது. புரோகிராமிங் தெரியாவிட்டாலும் சின்னக் கேம் செய்யலாம். ஐந்நூறு வருட ராஜ வம்சக் கதையை எழுத உட்காராதீர்கள். மந்திரம் போட்டால் யாருக்கு என்ன செலவு என்று முதலில் ஒரு விதி எழுதி, விளையாடுபவர் அதில் முட்டிக்கொள்கிறாரா என்று பாருங்கள். 1991-ல் வந்த 'டார்க் சன்' என்ற டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் உலகத்தில், பேராசைக்கார மந்திரவாதி மந்திரம் போட்டால் சுற்றியிருக்கும் செடிகொடிகள் சாம்பலாகும். நாடே பாலைவனமாகிவிட்டதற்கு இந்த ஒரே விதி போதுமான காரணம்.

விளையாடிப் பார்க்க விரும்புபவர்கள் பால்டர்ஸ் கேட் 2-ன் 'என்ஹான்ஸ்டு எடிஷன்' பதிப்பை வாங்கலாம். 2013-ல் வெளியான இது தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத சாதாரண லேப்டாப்பிலும் ஓடும். ஆத்கட்லாவுக்குள் நுழைந்ததும் கேமை ஒருமுறை சேவ் செய்துகொள்ளுங்கள். கவசத்தை அப்புறம் வாங்கலாம்.