அடுப்புக்கும் ஒரு பாலாலயம்

கோயிலில் திருப்பணி தொடங்கினால் முதலில் செய்வது பாலாலயம். கருவறையில் கை வைப்பதற்கு முன்பே சிறியதாக ஒரு தற்காலிகச் சந்நிதி அமைத்து, மூலவரின் சக்தியை அங்கே எழுந்தருளச் செய்துவிடுவார்கள். வேலை ஆறு மாதம் நடந்தாலும் ஆறு வருடம் நடந்தாலும் அங்கே பூசை நடந்துகொண்டே இருக்கும். காஞ்சிபுரத்தைச் சுற்றி இருப்பவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் வீட்டு அடுப்படியை இடித்துக் கட்டும்போது மட்டும் இந்த வரிசை தலைகீழாகிவிடுகிறது. மேஸ்திரி வருகிறார், மேடை உடைகிறது, அதன் பிறகுதான் இரவுச் சோற்றை எங்கே வடிப்பது என்ற கேள்வி எழுகிறது. தற்காலிக அடுப்படி என்பது சீரமைப்பு மதிப்பீட்டின் முதல் வரியாக, காசோடும் இடத்தோடும் எழுதப்பட வேண்டும் என்பதே என் வாதம். எந்த வீட்டுக்கும் இது பொருந்தும். தறி இருக்கும் வீட்டில் இதைத் தவிர்க்கவே முடியாது.

காஞ்சிபுரத்திலிருந்து வாலாஜாபாத் போகும் சாலையில் இருக்கும் ஐயம்பேட்டை நெசவாளர் ஊர். இங்கே வீடு என்றால் அதுவே தொழிற்கூடமும். கூடத்தில் குழித்தறி, அதை ஒட்டி அல்லது அதற்குப் பின்னால் அடுப்படி என்று இருக்கும் வீட்டில் ஒரு சுவரை இடித்தால் சமையலோடு சம்பாத்தியமும் நிற்கும். கரையையும் உடலையும் கோர்த்து நெய்யும் கோர்வைப் பட்டுப் புடவைக்கு நாடா தள்ள இன்னொரு ஆள் வேண்டும். குறுக்கிழையான ஊடைக்குத் தார் சுற்ற ஆள் வேண்டும். பெரும்பாலும் அந்த ஆள் அடுப்படியிலிருந்துதான் எழுந்து வர வேண்டும். 2019-20இல் எடுத்த நான்காவது அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பு, நாட்டின் கைத்தறித் தொழிலாளர் 35.22 லட்சம் பேரில் ஏறக்குறைய 72 விழுக்காட்டினர் பெண்கள் என்று சொல்கிறது. அடுப்பு இடம் மாறும்போது இவர்களுக்கு இரண்டு வேலையும் ஒரே நேரத்தில் தடுமாறுகின்றன.

"பத்து நாளில் முடிஞ்சிடும்மா" என்று கொத்தனார் சொல்வதை நம்பித்தான் பலர் எந்த ஏற்பாடும் இல்லாமல் இறங்குகிறார்கள். அவர் பொய் சொல்வதில்லை, தன் கை வேலையை மட்டும் கணக்கிடுகிறார். சிமெண்டுக்கு என்று ஒரு கணக்கு இருக்கிறது. கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 456, சாதாரண சிமெண்டு என்றால் குறைந்தது 7 நாள், கலப்புச் சிமெண்டு என்றால் குறைந்தது 10 நாள் ஈரம் காயாமல் தண்ணீர் விட வேண்டும் என்கிறது. கலப்புச் சிமெண்டுக்கு அதை 14 நாள்வரை நீட்டுவது நல்லது என்றும் பரிந்துரைக்கிறது. இன்று கடைகளில் பரவலாகக் கிடைப்பது சாம்பல் கலந்த கலப்புச் சிமெண்டுதான். மேடைப் பலகை, பூச்சு, டைல்ஸ், குழாய், மின்கம்பி என்று ஒன்றுக்காக ஒன்று காத்திருக்கும்போது ஒரு மாதம் ஓடிவிடும். அவசரப்பட்டு ஐந்தாம் நாளே தண்ணீர் விடுவதை நிறுத்தினால் பூச்சில் வெடிப்பு விழும். சமைக்க இடமில்லை என்ற நெருக்கடிதான் அந்த அவசரத்தை உண்டாக்குகிறது. தற்காலிக அடுப்படி ஒழுங்காக இருந்தால் சிமெண்டை அதன் போக்கில் இறுக விடலாம். அந்த வகையில் அதற்குச் செய்யும் செலவு புது அடுப்படியின் ஆயுளுக்கும் சேர்த்துச் செய்வதே.

தறி வீட்டில் இதைவிடப் பெரிய கவலை தூசியும் எரிவாயுவும். டைல்ஸையும் கிரானைட்டையும் உலர்ந்த நிலையில் அறுக்கும்போது கிளம்பும் தூளில் சிலிக்கா இருக்கிறது. அது நுரையீரலுக்குக் கேடு, புற்றுநோயையும் உண்டாக்கக்கூடியது என்பது உறுதியான செய்தி. அதே தூள் தறியில் நீளவாக்கில் கட்டிய பாவின் மேல் படிந்தால் பட்டின் பளபளப்பு மங்கும், இழை உராயும், வெளிர் நிறச் சாயத்தில் கறை தெரியும். பத்து நாளுக்கு மேல் உழைத்த புடவை தரம் குறைந்து போகும். கல் அறுப்பதைத் தெருவிலோ கொல்லையிலோ தண்ணீர் ஊற்றியபடி செய்யச் சொல்வது வீட்டுக்காரரின் உரிமை. கேட்டால் செய்வார்கள். தறிக்கும் இடிபாட்டுக்கும் நடுவே தரை முதல் உத்தரம்வரை தார்ப்பாய் கட்டி, அடியில் மணல் மூட்டை வைத்து அழுத்தலாம். எல்லாவற்றையும்விட நல்ல வழி நாளைப் பொருத்துவது. புடவை முடிந்து தறியிலிருந்து அறுத்தெடுத்த பிறகு, புதுப் பாவு பிணைப்பதற்கு முன் ஓர் இடைவெளி வரும். இடிக்க வேண்டிய இரண்டு மூன்று நாளை அந்த இடைவெளியில் வைத்துக்கொண்டால் பெருந்தூசி தறியைத் தொடாது. மேஸ்திரிக்கு வசதியான நாளைக் கேட்டு நம் வேலையை நிறுத்துவதைவிட, பாவு முடியும் நாளைச் சொல்லி அவரை வரச் சொல்வது எவ்வளவோ மேல்.

எரிவாயு விஷயம் உயிர் சம்பந்தப்பட்டது. அடுப்படி உடைந்ததும் சிலிண்டரைத் தூக்கிக் கூடத்தில், தறிக்குப் பக்கத்தில் வைத்துச் சமைப்பது கைக்கு எளிதான ஏற்பாடாகத் தோன்றும். சமையல் எரிவாயு காற்றைவிட ஏறத்தாழ ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனமானது. கசிந்தால் மேலே போகாது, தரையோடு ஊர்ந்து பள்ளத்தில் போய்த் தேங்கும். நெசவாளர் காலைத் தொங்கவிட்டு உட்காரும் தறிக்குழியைவிடப் பள்ளமான இடம் அந்த வீட்டில் எது? சன்னலைத் திறந்து வைத்தாலும் குழியில் தேங்கியது எளிதில் வெளியேறாது. ஆகவே தறி இருக்கும் அறையில் சிலிண்டர் கூடவே கூடாது. கொல்லையிலோ பக்கத்துத் தாழ்வாரத்திலோ தகரக் கூரையின் கீழ், சிலிண்டரை நிமிர்த்தி வைத்து, அடுப்பை அதைவிட உயரமாக ஒரு மேசைமேல் வைக்க வேண்டும். கீற்றுக் கூரை வேண்டாம்.

ஒரு மாதம் கடையில் வாங்கிச் சாப்பிட்டால் இந்தப் பாடெல்லாம் எதற்கு என்று கேட்பார்கள். ஐந்து பேர், மூன்று வேளை, முப்பது நாள் என்றால் 450 சாப்பாடு. வேளைக்கு 50 ரூபாய் என்று குறைத்தே போட்டாலும் 22,500 ரூபாய். ஒரு தகரப் பந்தலும் மேசையும் தண்ணீர்க் குழாய் நீட்டிப்பும் அந்தப் பணத்துக்கு வெகு கீழே முடிந்துவிடும். காலையிலேயே மூன்று வேளைக்கும் பொங்கி வைப்பதும் சரியான விடையாகாது. சமைத்த உணவை அறை வெப்பத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் விடக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. பொங்கிய சோற்றை மூடி அப்படியே விட்டால், கொதிக்கும்போது சாகாத கிருமி வித்துகள் பெருகி வாந்தியை உண்டாக்கும் நஞ்சைச் சுரக்கும். மறுபடி சூடாக்கினாலும் அந்த நஞ்சு போவதில்லை. தண்ணீர் ஊற்றிப் புளிக்க வைக்கும் பழையதின் கதை வேறு, அதில் புளிப்பே ஓரளவு காவல். காஞ்சிபுரம் வரதராசப் பெருமாள் கோயிலின் குடலை இட்லியில் மிளகும் சீரகமும் சுக்கும் சேர்கின்றன. அது கெடாமல் நிற்பதற்குப் பெயர் பெற்றது. அந்த வழியில் இட்லி, புளிச்சோறு, துவையல், வத்தக்குழம்பு என்று அந்த மாதத்துக்கு ஓர் உணவு முறையை அமைத்துக்கொண்டால் பாத்திரமும் குறையும், எரிபொருளும் குறையும்.

பெண்கள் எப்படியும் சமாளித்துவிடுவார்கள் என்ற பதிலோடுதான் எனக்கு உண்மையான சண்டை. சமாளிப்பார்கள்தான். எதைக் கொடுத்துச் சமாளிக்கிறார்கள் என்று யாரும் கேட்பதில்லை. மத்திய அரசின் 2024ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, ஊதியமில்லா வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதில் நாளுக்குச் சராசரியாக 289 நிமிடம் செலவிடுகிறார்கள், ஆண்கள் 88 நிமிடம். இது அடுப்படி சரியாக இருக்கும் நாளின் கணக்கு. குடத்தில் தண்ணீர் சுமந்து, குனிந்தே பாத்திரம் தேய்த்து, உப்பு எந்த மூட்டையில் என்று தேடும் நாளில் அது கூடத்தானே செய்யும்? கூடும் நேரம் தார் சுற்றும் நேரத்திலிருந்தோ தூக்கத்திலிருந்தோ போகிறது. அம்மா வீட்டுக்குப் போய் இருந்துவிட்டு வரட்டும் என்பதும் தறி வீட்டுக்கு உதவாத யோசனை. நாடாவின் மறுமுனையில் யார் உட்காருவது?

கொல்லையும் இல்லாத சின்ன வீடு என்றால் மின்சார அடுப்பு கைகொடுக்கும். 1,500 வாட்டில் தினம் ஒன்றரை மணி நேரம் சமைத்தால் மாதத்துக்கு 68 யூனிட்டுக்குள் அடங்கும். தமிழக அரசு 2023இல் கைத்தறி நெசவாளருக்கான கட்டணமில்லா மின்சாரத்தை இரண்டு மாதத்துக்கு 200 யூனிட்டிலிருந்து 300 ஆக உயர்த்தியதால், பல வீடுகளில் இது அதற்குள்ளேயே முடியலாம். ஆனால் அதைப் பெரிய பிளக் செருகும் 16 ஆம்பியர் சாக்கெட்டில், நில இணைப்போடு மட்டுமே இயக்க வேண்டும். மின்விசிறிக்கு இருக்கும் சின்ன சாக்கெட்டில் செருகினால் கம்பி சூடேறும். அந்த ஒரு சாக்கெட்டைப் போட எலக்ட்ரீஷியனை இடிப்பதற்கு முந்தைய வாரமே கூப்பிட்டுவிட வேண்டும். பாத்திரம் கழுவும் தண்ணீர் எந்த வழியாக வெளியே போகும் என்பதையும் அன்றைக்கே ஒரு குடம் ஊற்றிப் பார்த்துவிடலாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்த வேலையை வைத்துக்கொள்ளாமல் இருப்பது நல்லது, ஈரத்தில் பாவும் தொல்லை கொடுக்கும், கொல்லைப் பந்தலும் நனையும். புது மேடையில் பால் பொங்கிய பிறகும் ஒரு வாரம் பந்தலைப் பிரிக்க வேண்டாம். குழாய் ஒழுகுகிறதா, கழிவுநீர் தேங்குகிறதா என்பது நான்கு நாள் சமைத்த பிறகுதான் தெரியும்.