252 சதுர அடிக் கூரை

எங்கள் கார் ஷெட்டுக்கு ஒரு பக்கச் சரிவுக் கூரை. இறவாணமும் சேர்த்து 21 அடிக்கு 12 அடி, அதாவது 252 சதுர அடி. மேலே கிடந்தது 6 மில்லிமீட்டர் ஆஸ்பெஸ்டாஸ். 2 மீட்டர் ஷீட்டாக 14. கனம் சுமார் 380 கிலோ. விரிசல் இரண்டு ஷீட்டில்தான். மழை இறங்கியதெல்லாம் வாஷர் காய்ந்து போன ஜே போல்ட் துளைகள் வழியே.

மறுபடி ஆஸ்பெஸ்டாஸே போட்டால் 14 ஷீட், ஒன்று 650 ரூபாய் வீதம் 9,100. மலிவு அதுதான், ஆனால் வேண்டாம் என்று முதலிலேயே முடிவு செய்துவிட்டேன். எல்லா வகைக் கல்நாரும் புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2005இல் முழுவதும் தடை செய்துவிட்டது. இந்தக் கூரைக்கு அடியில்தான் பிள்ளைகள் சைக்கிள் துடைக்கிறார்கள். ஓடு போட்டால் 350 ஓடு வேண்டும், 700 கிலோவுக்கு மேல் பாரம். இந்தச் சரிவும் அதற்குப் போதாது.

மிஞ்சியது கலர் ஷீட், 0.5 மில்லிமீட்டர். ஷீட்டின் அகலம் மூன்றரை அடி. பக்க ஏற்றம் போக மூடுவது 3.3 அடி. 21 அடிக்கு ஆறரை ஷீட் போதும், ஆனால் வாங்க வேண்டியது 7. மூடும் பரப்பு 252, காசு கொடுப்பது 294 சதுர அடிக்கு. சதுர அடி 48 ரூபாய் வீதம் 14,112. கடையில் ஒரு ஷீட்டைத் தராசில் வைக்கச் சொல்லுங்கள். 12 அடி ஷீட் 17 கிலோவை ஒட்டி நிற்க வேண்டும். 15 காட்டினால் அது 0.45.

மொத்தக் கூரையும் 120 கிலோதான். இங்கேதான் எனக்குப் பயம் வந்தது. 2016 டிசம்பர் 12, வர்தா புயல் அடித்த அன்று எங்கள் தெருவில் தகரம் பறந்ததைப் பார்த்தவன் நான். சென்னைக்குக் கட்டட விதிநூல் சொல்லும் அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 50 மீட்டர். அந்த வேகத்தின் அழுத்தம் சதுர மீட்டருக்கு சுமார் 153 கிலோ. 252 சதுர அடிக்குக் கணக்குப் போட்டால் மூன்றரை டன்! முன்பக்கம் திறந்த ஷெட் என்றால் காற்று உள்ளே புகுந்து அடியிலிருந்தும் தூக்கும்.

பிடித்து நிறுத்துவது ஸ்க்ரூதான். ஷீட்டைத் தாங்கும் குறுக்குச் சட்டங்களான பழைய பர்லின் நான்கும் 4 அடி இடைவெளியில் திடமாக இருந்தன. பர்லினுக்கு ஷீட்டுக்கு 3 ஸ்க்ரூ என்றார் மேஸ்திரி: 84. ஒன்றின் பங்கு 43 கிலோ. காற்று அதிகம் பிடுங்குவது ஓரத்தை என்பதால் மேல் கீழ் ஓரப் பர்லின்களில் ஐந்தைந்து கேட்டேன்: 112. பங்கு 32 கிலோவாக இறங்கியது. கூடுதல் 28 ஸ்க்ரூவுக்கு 5 ரூபாய் வீதம் 140 ரூபாய்.

மற்றவை: ரெட் ஆக்சைடு 600, வண்டி வாடகை 1,200, இரண்டு பேருக்கு இரண்டு நாள் கூலி 4,000. ஸ்க்ரூ 560 சேர்த்து மொத்தம் 20,472.

கூலியில் ஒரு நாள் பழையதை இறக்க மட்டும். உடைத்துத் தள்ளினால் அரை நாள் மிச்சமாகும் என்றார்கள், நான் ஒத்துக்கொள்ளவில்லை. உடைத்தால் பறக்கும் இழை நெஞ்சில் தங்கி, நோய் தலைகாட்ட 20, 30 வருஷம்கூட ஆகும். அதை மூச்சில் இழுக்கப்போவது கூலிக்கு வந்த அந்த இருவர்தான். தண்ணீர் தெளித்து, போல்ட்டை அறுத்து, முழு ஷீட்டாகவே இறக்கிப் பாலிதீனில் சுற்றினோம். கீழே விழுந்த துணுக்கைப் பெருக்கவில்லை, ஈரத்துணியால் எடுத்தோம்.

வேலை முடிந்ததும் ஏணியில் ஏறி எண்ணினேன். 112 சரியாக இருந்தது. இரண்டு ஸ்க்ரூவை அதிகம் முறுக்கியதில் ரப்பர் வாஷர் பிதுங்கியிருந்தது. மேஸ்திரி மறுபேச்சில்லாமல் கழற்றி மாற்றிக் கொடுத்தார்.